மாருதி 800: தேய்ந்த லோயர் ஆர்ம் புஷ்களை வீட்டிலேயே மாற்றுவது எப்படி

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது. நேர் சாலையில் ஓட்டும்போதும் அடிக்கடி ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பழைய மாருதி 800 வைத்திருக்கும் பலர் இந்த நிலையில் முதலில் ஷாக் அப்சார்பரைத்தான் மாற்றுகிறார்கள். பணம் செலவாகிறது, சத்தம் அப்படியே இருக்கிறது. பெரும்பாலும் கோளாறு அதைவிட எவ்வளவோ மலிவான ஒரு பொருளில் இருக்கும்: சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ்கள்.

இந்த வண்டி 1983 டிசம்பரில் வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. சென்னை போன்ற பெருநகரங்களில் 2010 ஏப்ரலோடு புது வண்டி விற்பனையே முடிந்துவிட்டது. ஆக இன்றைக்குச் சாலையில் ஓடும் எந்த 800-ஐ எடுத்தாலும், இடையில் யாரும் மாற்றாமல் இருந்தால், அதன் ரப்பருக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டிக்கும் இது பொருந்தும். ரப்பர் ஓடித்தான் கெட வேண்டும் என்றில்லை. வெயிலிலும் காற்றிலும் சும்மா நின்றாலே இறுகி வெடித்துவிடும்.

புதிதாகக் கருவி பிடிப்பவர்களுக்கு 800 ஒரு நல்ல வண்டி. எடை சுமார் 650 கிலோதான். அடியில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது, உதிரி பாகமும் இன்றும் கிடைக்கிறது. ஆனால் இந்த வேலையில் ஒரு இடம் இருக்கிறது. அதில் தவறினால் புதிய புஷ் சில மாதங்களில் கிழிந்துவிடும். போல்ட்டை எந்த நேரத்தில், வண்டி எந்த நிலையில் நிற்கும்போது கடைசியாக முறுக்குகிறோம் என்பதுதான் அந்த இடம். கட்டுரை முழுவதும் அதை நோக்கியே போகிறது, அதனால் படிக்கும்போதே அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த புஷ் எங்கே இருக்கிறது

முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு லோயர் ஆர்ம் இருக்கிறது. அதன் வெளிமுனையில் உள்ள பால் ஜாயின்ட், சக்கரம் பொருந்தியிருக்கும் நக்கிளைப் பிடித்துக்கொள்கிறது. உள்முனை ஒரு புஷ் (நடுவில் போல்ட் நுழையும் இரும்பு உள்குழாய், அதைச் சுற்றி ரப்பர்) வழியாகப் போல்ட் போட்டு பாடியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும்போது ஆர்ம் இந்த உள் புஷ்ஷை மையமாகக் கொண்டுதான் அசைகிறது.

இதோடு, முன்பக்கம் குறுக்கே ஸ்டெபிலைசர் பார் என்ற வளைந்த கம்பி ஓடுகிறது. நடுவில் இரண்டு கிளாம்ப்கள் அதைப் பாடியோடு பிடித்திருக்கும், கிளாம்ப்புக்குள் இருப்பது ‘டி’ வடிவ புஷ். கம்பியின் இரண்டு முனைகளும் இரண்டு லோயர் ஆர்ம்களைத் துளைத்துக்கொண்டு போகும். அங்கே இருபுறமும் புஷ்ஷும் வாஷரும் இருக்கும், முனையில் ஒரு நட்.

பல கார்களில் ஸ்டெபிலைசர் பாருக்கு ஒரே வேலை, வளைவில் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வது. 800-இல் அதற்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து நிறுத்துவதும் அந்தக் கம்பிதான். ஆகவே அதன் முனை புஷ்கள் தேய்ந்தால், பிரேக் மிதிக்கும்போது சக்கரமே கொஞ்சம் பின்னால் போகிறது, விட்டதும் திரும்பி வருகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருக்காது என்பதால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. பிரேக்கில் கோளாறு என்று நினைத்து பிரேக் ஷூவையும் பேடையும் மாற்றியும் குணமாகாத வண்டிகளில் இதைப் பாருங்கள்.

புஷ் தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

ஒருவரை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளி ஆட்டுங்கள். சக்கரம் ஃபெண்டருக்குள் முன்பின்னாக நகர்வது தெரிந்தாலோ ‘டொக்’ கேட்டாலோ முனை புஷ்கள் மீது சந்தேகம் வலுக்கிறது.

பிறகு வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு சிறிய கடப்பாரையை ஆர்முக்கும் பாடிக்கும் இடையில் கொடுத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். நல்ல புஷ் இறுக்கமாக, கொஞ்சமே கொடுத்துத் திரும்பும். கெட்ட புஷ்ஷில் உள்குழாய் ரப்பரை விட்டுத் தனியாக நகரும், அல்லது ரப்பர் பிளந்து உள்ளே இடைவெளி தெரியும். மேலே தெரியும் மயிரிழை விரிசலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். வயதான ரப்பரில் அது இயல்பு. ஆழமான பிளவு, இரும்பிலிருந்து பிய்ந்த ரப்பர், எண்ணெயில் ஊறி உப்பிக் கொழகொழத்த ரப்பர் இவைதான் மாற்றச் சொல்லும் அறிகுறிகள்.

அதே நேரத்தில் மற்ற மூட்டுகளையும் பார்த்துவிடுங்கள். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ காரணமாக இருக்கலாம். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட், அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு. 800-இல் பால் ஜாயின்ட் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது. அதுவும் தேய்ந்திருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காமல், புஷ் பொருத்தப்பட்ட முழு ஆர்மையே வாங்கிவிடுங்கள். பழைய புஷ்ஷை வெளியே தள்ளும் பாடு மிச்சம். முதல் முறை செய்பவர்களுக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன்.

வாங்க வேண்டியவை

இடது, வலது இரண்டுக்கும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கம் புது ரப்பர், மறு பக்கம் பழைய ரப்பர் என்று விட்டால் இழுப்பு போகாது. உள் புஷ் இரண்டு, முனை புஷ் செட் இரண்டு, டி புஷ் இரண்டு, புதிய ஸ்ப்ளிட் பின்கள் (நட் கழலாமல் தடுக்கும் இரட்டைக்கால் பின்). வாஷர்கள் துருப்பிடித்துக் குழிந்திருந்தால் அவையும்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுசு கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய ஆர்ம் கிடைக்கும், ஆனால் கழற்றி வைத்த வண்டியின் ரப்பரும் உங்கள் ரப்பரின் வயதுதான் இருக்கும். புஷ்ஷை மட்டும் பழசில் வாங்கவே வேண்டாம். வண்டியின் ஆண்டையும் மாடலையும் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் பழையதைக் கையில் கொண்டுபோய் நீளமும் விட்டமும் ஒப்பிட்டு வாங்குங்கள். நகத்தால் அழுத்தும்போது பிளாஸ்டிக் போல் விறைப்பாக இருக்கும் புஷ், மணம் தூக்கும் மறுசுழற்சி ரப்பர் புஷ் இவற்றைத் தொடாதீர்கள். மாருதியின் சொந்தப் பாகத்துக்கும் மிக மலிவான பாகத்துக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு வீல் அலைன்மென்ட் செலவுக்குப் பக்கத்தில்தான் வரும். இந்த வேலையை இரண்டு முறை செய்ய யாருக்கும் ஆசை இருக்காது.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். அது ரப்பரைவிட விறைப்பு, நீண்ட நாள் உழைக்கும், ஆனால் குலுக்கலையும் சத்தத்தையும் அதிகமாக உள்ளே கடத்தும். நம் ஊர்ச் சாலைகளில் தினமும் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு ரப்பரே நல்லது.

கருவிகள்: ரிங் ஸ்பேனர் செட், பாக்ஸ் ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் ஸ்பேனர்), ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், கடப்பாரை, சுத்தியல், கம்பி பிரஷ், ஆக்ஸா பிளேடு, உப்புத்தாள், அளவு டேப். புஷ்ஷைத் தள்ளப் பெரிய வைஸ் வேண்டும். இல்லாவிட்டால் ஆர்மை லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பிரஸ் இருக்கும் பட்டறையில் சில நிமிட வேலைதான் அது.

முதல் நாள் மாலை

எல்லா போல்ட்டையும் நட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் கழற்றும்போது இந்த வேலையின் அருமை தெரியும். பழைய புஷ்ஷில் எண்ணெய் படுவதைப் பற்றிக் கவலையில்லை, அது போகப்போகிறது.

வண்டியை இன்னும் தூக்காதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, ஆள் யாரும் உள்ளே இல்லாமல், வண்டியை இரண்டு மூன்று முறை அழுத்திக் குலுக்கிவிட்டு, முன் சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு பக்கமும். இந்த ஓர் அளவு கடைசியில் மிகவும் தேவைப்படும்.

கழற்றுவது

கல் தரை அல்லது சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள், மண் தரை வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று இளக்கிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கி வைக்கச் சொல்லப்பட்ட உறுதியான இடங்களில் இரண்டு ஸ்டாண்டுகளைக் கொடுத்து இறக்குங்கள். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் ஸ்டாண்டாக வைக்காதீர்கள். அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். வெறும் ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. கழற்றிய சக்கரங்களை வண்டிக்கு அடியில் கிடத்தி வைப்பது கூடுதல் பாதுகாப்பு.

இரண்டு சக்கரங்களும் ஒரே மாதிரித் தொங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி நிற்கும். நட்டைக் கழற்றியதும் துள்ளும், திரும்ப மாட்டவும் விடாது.

எதையும் கழற்றுவதற்கு முன் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, முனையில் இருக்கும் வாஷர்களின் குழிந்த பக்கம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, போல்ட் எந்தத் திசையிலிருந்து நுழைந்திருக்கிறது என்பவை.

முனை நட்டில் உள்ள ஸ்ப்ளிட் பின்னை நேராக்கி இழுத்து, நட், வாஷர், வெளிப்பக்க புஷ் ஆகியவற்றை எடுங்கள். அடுத்து, பால் ஜாயின்ட்டை நக்கிளில் இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட். அதை இளக்கினால் மட்டும் போதாது, முழுவதும் உருவி எடுக்க வேண்டும். பால் ஜாயின்ட் தண்டில் ஒரு பள்ளம் இருக்கிறது, போல்ட் அதில் மாட்டிக்கொண்டு தண்டை வெளியே விடாது. உருவிய பிறகு ஆர்மைக் கடப்பாரையால் கீழ்நோக்கி நெம்பினால் இறங்கும். பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறையைக் கிழித்துவிடாமல் நெம்புங்கள்.

இப்போது நக்கிள் சுதந்திரமாக ஆடும். அதை வெளியே இழுக்காதீர்கள். இழுத்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் கழன்றுவிடக்கூடும், பிரேக் குழாயும் விறைக்கும். ஒரு கயிற்றால் உள்பக்கமாகக் கட்டி வைத்துவிடுங்கள். பிறகு உள்முனைப் போல்ட்டைக் கழற்றி, ஆர்மை ஸ்டெபிலைசர் முனையிலிருந்து உருவினால் கைக்கு வந்துவிடும். கிளாம்ப்களைக் கழற்றி, பழைய டி புஷ்களையும் எடுத்துவிடுங்கள்.

பழைய புஷ்ஷை வெளியேற்றுவது

முதலில், பழைய புஷ் ஆர்மின் இரு பக்கமும் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு வைஸில் ஒரு பக்கம், பாக்ஸ் ஸ்பேனர் செட்டிலிருந்து புஷ்ஷைவிடச் சற்றுச் சிறிய பாக்ஸ், மறு பக்கம் புஷ் உள்ளே விழும் அளவுக்குப் பெரிய பாக்ஸ் அல்லது குழாய்த் துண்டு. இரண்டுக்கும் நடுவில் ஆர்ம். வைஸை முறுக்க முறுக்கச் சின்ன பாக்ஸ் புஷ்ஷைத் தள்ளும், பெரிய பாக்ஸ் அதை வாங்கிக்கொள்ளும்.

நகரவில்லை என்றால் வெளியே தெரியும் ரப்பர் விளிம்பைக் கத்தியால் சீவிவிட்டு மறுபடி முயலுங்கள். வெளிக் கூடு இரும்பாக இருந்து துருவில் பிடித்துக்கொண்டிருந்தால், ரப்பரைத் துளைத்து உள்குழாயைத் தட்டி எடுத்துவிட்டு, ஆக்ஸா பிளேடைத் துளைக்குள் நுழைத்துக் கூட்டை மட்டும் நீளவாக்கில் அறுங்கள். ஆர்மின் இரும்பில் பிளேடு இறங்கும் முன் நிறுத்துங்கள். அறுத்த கோட்டில் உளியால் தட்டினால் கூடு சுருண்டு வந்துவிடும்.

சில பட்டறைகளில் கேஸ் வைத்து ரப்பரை எரித்து எடுப்பார்கள். வேகம்தான், ஆனால் அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு. பக்கத்தில் இருக்கும் பால் ஜாயின்ட்டின் கிரீஸும் உறையும் சூட்டில் போய்விடும். வேண்டாம்.

புதியதை ஏற்றுவது

துளையின் உட்புறத்தை உப்புத்தாளால் துரு போகத் தேய்த்துத் துடையுங்கள். ரப்பர் வழுக்கிப்போக சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ், இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் உப்பி மென்மையாகி உழைப்பை இழக்கும். சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும், அவ்வளவுதான்.

வெளிக் கூடு உள்ள புஷ் என்றால் அழுத்தம் அந்தக் கூட்டின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும். உள்குழாயைப் பிடித்து அழுத்தினால் ரப்பர் ஒட்டு பிய்ந்து, புஷ் வண்டியில் ஏறும் முன்பே பாழாகிவிடும். அதே விட்டமுள்ள பாக்ஸையோ குழாயையோ வைத்து, கோணாமல் நேராக ஏற்றுங்கள். சாய்வாகப் போகத் தொடங்கினால் உடனே நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி தொடங்குங்கள். புஷ் இருபுறமும் முன்பு அளந்த அளவில் சமமாக நீட்டிக்கொண்டிருந்தால் வேலை சரி.

மாட்டுவதும், எப்போது முறுக்குவது என்பதும்

மாட்டும் வரிசை கழற்றியதற்கு நேர் தலைகீழ். ஆர்மை ஸ்டெபிலைசர் முனையில் ஏற்றி, உள்முனைப் போல்ட்டை நுழைத்து, பால் ஜாயின்ட் தண்டை நக்கிளில் ஏற்றி அதன் போல்ட்டைப் போடுங்கள். டி புஷ்களையும் கிளாம்ப்களையும் போட்டு, கம்பி இடம் வலமாக நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். பால் ஜாயின்ட் போல்ட்டை மட்டும் இப்போதே முழுமையாக முறுக்கலாம். அங்கே ரப்பர் முறுக்கேறாது. மற்ற எல்லாவற்றையும் கையால் திருகி, ஸ்பேனரால் லேசாகப் பிடித்துவிட்டு நிறுத்துங்கள்.

ஏன் நிறுத்த வேண்டும்? உள் புஷ் ஒரு பேரிங் மாதிரி சுழல்வதில்லை. போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் பாடியோடு இறுகிவிடுகிறது, வெளிப்புறம் ஆர்மோடு இறுகியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொடுத்துத்தான் ஆர்ம் அசைகிறது. எந்த நிலையில் போல்ட்டை முறுக்குகிறீர்களோ, அதுவே ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி ஸ்டாண்டில் இருக்க, ஆர்ம் கீழே தொங்கும்போது முறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் பிழிந்த துணி போல முறுக்கிய நிலையிலேயே நாள் முழுக்க நிற்கும். வண்டி சும்மா நிற்கும்போதே பாதி முறுக்கு தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு வேகத்தடையும் ரப்பரைக் கிழிவை நோக்கித் தள்ளுகிறது. ‘புது புஷ் போட்டும் ஆறு மாதம் தாங்கவில்லை, ரப்பர் தரமில்லை’ என்று சொல்பவர்களின் வண்டியில் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். பட்டறையில் தூக்கி வைத்த நிலையிலேயே எல்லாவற்றையும் முறுக்கிவிட்டு இறக்குவது சர்வ சாதாரணமாக நடக்கிறது. வேலையை வெளியில் கொடுத்தாலும், பக்கத்தில் நின்று, ‘அண்ணே, இறக்கிவிட்டுக் கடைசி டைட் கொடுங்க’ என்று கேட்டு வாங்குங்கள்.

இதை வீட்டில் செய்ய இரண்டு வழி. சக்கரங்களை மாட்டி, முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே உயரமுள்ள உறுதியான, அகலமான மரப்பலகைகளின் மேல் நிற்கும்படி இறக்கி, வண்டியைக் குலுக்கிவிட்டு, கிடைத்த இடைவெளியில் கைநீட்டி முறுக்குவது ஒன்று. இதுதான் சிறந்தது. கை எட்டவில்லை என்றால், வண்டி ஸ்டாண்டிலேயே இருக்கட்டும். பால் ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் ஆர்முக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மெதுவாகத் தூக்குங்கள். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரையிலான தூரம் நேற்று எழுதி வைத்த அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஸ்டாண்டை விட்டு வண்டி எழும்பத் தொடங்கினால் அதற்கு மேல் தூக்கக் கூடாது, முதல் வழிக்குத் திரும்புங்கள். அளவு வந்துவிட்டால் ஆர்ம் நிற்கும் நிலை, வண்டி தரையில் நிற்கும்போது இருக்கும் நிலையேதான். இப்போது உள்முனைப் போல்ட்டை முறுக்குங்கள்.

டி புஷ் கிளாம்ப்களையும் முனை நட்டுகளையும் கடைசியாக முறுக்குங்கள், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கும்போது. எவ்வளவு முறுக்குவது என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்சால் செய்யுங்கள், கைக்கணக்கு வேண்டாம். முனை நட்டில் பின் துளை நேராக வராவிட்டால் அடுத்த துளைக்குக் கொஞ்சம் முறுக்குங்கள், பின்னால் இளக்காதீர்கள். புது ஸ்ப்ளிட் பின் போட்டு இரண்டு கால்களையும் மடக்குங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போட்டால் அது உடையும்.

அதற்குப் பிறகு

முதலில் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்துப் பாருங்கள். ‘டொக்’ போயிருக்க வேண்டும், பிரேக்கில் இழுப்பு குறைந்திருக்க வேண்டும். அப்புறம் வீல் அலைன்மென்ட். 800-இன் முன்பக்கத்தில் டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ லேசாகத் திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் சரிசெய்ய முடியும், ஆனால் புது புஷ்ஷால் சக்கரம் தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும் என்பதால் அந்த டோவைப் பார்த்தே ஆக வேண்டும். விட்டால் டயர் ஓரம் தேயும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளையும் தொட்ட எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை சோதியுங்கள்.

இன்ஜினிலோ கியர் பாக்ஸிலோ எண்ணெய் ஒழுகி ஆர்ம் மேல் சொட்டுகிறதென்றால் அந்த ஒழுகலை நிறுத்துவதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். இன்னொன்று, வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது கழுவி முடித்ததும் அடியில் டீசலோ பழைய ஆயிலோ ஸ்பிரே அடிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அடிப்பாகம் பளபளவென்று தெரியும், ஆனால் புது ரப்பர் எல்லாம் அதில் ஊறும். வண்டியை விடும்போதே, ‘தண்ணி சர்வீஸ் மட்டும் போதும், டீசல் அடிக்க வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.